தேசியப் பொருளாதார மாதிரி: கேள்வி மாறினாலும் உடையாமல் கட்டுவது எப்படி?

தகடூர்வாசி (தர்மபுரி)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். மூன்று வருடமாக, கிடைக்கிற நேரத்தில், இந்தியா முழுமைக்குமான ஒரு பொதுச் சமநிலை மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி: ஒரு வருடத்தில் நாட்டில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒரே பெரிய கட்டத்தில் எழுதுவோம். இதுதான் சமூகக் கணக்கு அணி. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை, ஒரு நெடுவரிசை. வரிசையில் வரவு, நெடுவரிசையில் செலவு, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரவேண்டும். அந்தக் கட்டத்தின் மேல் சமன்பாடுகளை எழுதி, ஒரு வரியையோ மானியத்தையோ மாற்றினால் விலை, கூலி, உற்பத்தி எல்லாம் எந்தப் பக்கம் நகரும் என்று பார்ப்போம்.

என் சிக்கல் இதுதான். நான் கட்டியது ஒரே கேள்விக்காக. 2025 செப்டம்பர் 22 முதல் மாங்கூழுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதனால் கிருஷ்ணகிரி தோப்புக்காரருக்கு என்ன கிடைக்கும்? என் மாதிரி 'பெங்களூரா மாங்காய் (கூழுக்குப் போகிற ரகம்) விலை நன்றாக ஏறும்' என்கிறது. சரி என்று வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், ரேஷனில் அரிசிக்குப் பதில் ராகி கொடுத்தால் என்ன ஆகும் என்று இதிலேயே பார்க்க முடியுமா?" என்று கேட்டார். பார்க்க முடியவில்லை. பாதிச் சமன்பாடுகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது, எழுதியதும் பழைய கேள்விக்கான விடை மாறிப்போனது.

ஒரு கேள்விக்கு ஒரு மாதிரி என்று போனால் ஆயுசு போதாது. ஆரம்பத்திலேயே எதை எப்படிப் பிரித்து வைத்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாங்கூழ்க் கணக்கர் (கிருஷ்ணகிரி)

சார், உங்கள் சமன்பாடு எனக்குப் புரியாது. ஆனால் கூழ் ஆலையில் வரிக் கணக்கு பார்ப்பவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். கூழுக்கான வரி குறைந்ததை ஆலையின் செலவு குறைந்ததாகப் போட்டிருக்கிறீர்களா?

நாங்கள் கூழை விற்பது பெரும்பாலும் ஜூஸ் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு. அவர்கள் எங்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதான் இன்புட் கிரெடிட்டாக, எடுத்துக்கொள்வார்கள். 12 கட்டினாலும் 5 கட்டினாலும் கடைசியில் அவர்களுக்குச் செலவு ஒன்றுதான். ஏற்றுமதிக்குப் போகிற கூழுக்கு வரியே பூஜ்யம். அதனால் கூழ் மேல் போட்ட வரி குறைந்ததால் மட்டும் மாங்காய் விலை ஏற வழியில்லை. மாறியது வேறு இடத்தில்: கடையில் விற்கிற பழ பானத்துக்கும் அதே நாளில் 12 போய் 5 ஆனது. அதைக் குடிக்கிறவர் கிரெடிட் எடுக்க முடியாது. பாட்டில் விலை குறைந்தால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் கூழுக்குத் தேவை கூடும், அப்புறம்தான் தோப்புக்கு ஏதாவது வரும்.

இன்னொன்று. பச்சை மாங்காய்க்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விலக்கு என்றால் விவசாயிக்குக் கிரெடிட்டும் கிடையாது. மருந்துக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் கட்டிய வரி அவர் தலையிலேயே நிற்கும். டீசல் ஜிஎஸ்டிக்கு உள்ளேயே வரவில்லை, அதற்குக் கட்டிய வரியும் யாருக்கும் திரும்பாது. எங்களுக்கும் டிரம்முக்கும் அசெப்டிக் பைக்கும் 18 கட்டிவிட்டு, கூழை 5-இல் விற்கும்போது சில மாதங்களில் கிரெடிட் தேங்கி நிற்கிறது. இதையெல்லாம் உங்கள் கட்டத்தில் எங்கே வைப்பீர்கள்?

தகடூர்வாசி

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் கோப்பைத் திறந்து பார்த்தேன். அப்படியேதான் போட்டிருந்தேன். கூழ் என்ற பொருளுக்கு ஒரே வரி விகிதம், யார் வாங்கினாலும் அதே விகிதம். பழைய விற்பனை வரி மாதிரி. நான் 'நன்றாக ஏறும்' என்று சொன்ன விலையில் பெரும்பகுதி இந்தத் தப்பிலிருந்து வந்தது. வகுப்பில் சொன்னதைத் திங்கட்கிழமை திருத்திச் சொல்லிவிடுகிறேன்.

பழைய புள்ளிக்காரர் (சேலம், பூர்வீகம் அரூர்)

தம்பி, வருத்தப்படாதீர்கள். இந்தத் தப்பில்தான் உங்கள் கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. புள்ளியியல் வேலையில் முப்பது வருடம் இருந்தவன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வரியைப் பொருளுக்கு மட்டும் எழுதாதீர்கள். பொருள், வாங்குபவர் என்று இரண்டு திசையிலும் விரியும் அட்டவணையாக எழுதுங்கள். கூழை ஜூஸ் தொழில் வாங்கினால் பூஜ்யம், ஏற்றுமதிக்குப் பூஜ்யம், குடும்பம் வாங்கினால் முழு விகிதம், பதிவில்லாத சிறு கடைக்காரர் வாங்கினாலும் முழு விகிதம். ஆஸ்திரேலியாவின் ஒரானி வழியில் வந்த மாதிரிகளில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணை இருந்துவிட்டால் நாளை விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி, விலக்கு எது வந்தாலும் எண்ணை மாற்றினால் போதும், சமன்பாட்டைத் தொட வேண்டாம்.

ஒரானியின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-இல் நார்வேயில் லெய்ஃப் யொஹான்சன் இந்த வகையின் முதல் மாதிரியைக் கட்டினார். அந்தக் காலக் கணினிக்கு ஏற்ற மாதிரி எல்லாச் சமன்பாட்டையும் சதவீத மாற்றமாக எழுதினார். அதே முறையில் 1970-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் பீட்டர் டிக்சன் குழு, இறக்குமதித் தீர்வை விவாதத்துக்காக ஒரானியைக் கட்டியது. அவர்கள் செய்த பெரிய காரியம் என்ன தெரியுமா? மாதிரியில் சமன்பாடுகளைவிட மாறிகள் அதிகமாக இருக்கும். எந்த மாறியை வெளியிலிருந்து கொடுப்பது, எதை மாதிரி கண்டுபிடிக்க விடுவது என்பதைச் சமன்பாட்டுக்குள் எழுதிப் பூட்டவில்லை. பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்துகொள்ளலாம். இதைத்தான் குளோஷர் என்கிறார்கள். குறுகிய காலம் பார்க்க வேண்டுமா? இயந்திரமும் கூலியும் நிலையாக நிற்கும், வேலைவாய்ப்பு ஆடும். நீண்ட காலமா? மொத்த வேலைவாய்ப்பு நிலை, கூலி ஆடும், மூலதனம் ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். சமன்பாடு ஒன்றே, கதவுகளை மட்டும் திறந்து மூடுகிறோம்.

இந்தக் கதவுப் பிரச்சினையை முதலில் தெளிவாகக் காட்டியவர் நம் அமர்த்தியா சென், 1963 கட்டுரையில். முழு வேலைவாய்ப்பு, உற்பத்தித் திறனுக்கேற்ற கூலி, முன்கூட்டியே தீர்மானித்த முதலீடு, அதற்குச் சமமான சேமிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் கணக்கு நிற்காது. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதுதான் நம் பொருளாதாரப் பார்வை. அதை மறைத்து வைக்கிற அறிக்கை எனக்குப் பிடிக்காது.

உங்கள் கேள்விக்கே வாருங்கள். வரி குறைந்தது, அரசுக்கு வருமானம் குறையும். அந்த ஓட்டையை யார் அடைக்கிறார்? செலவைக் குறைக்காமல் கடன் வாங்கினால், சேமிப்பு முதலீட்டைத் தீர்மானிக்கிற குளோஷரில் தனியார் முதலீடு சுருங்கும். வேறு வரியை ஏற்றினால் வேறு ஒருவர் தலையில் விழும். செலவைக் குறைத்தால் கூலிக்காரர் வேலையில் தெரியும். மூன்றிலும் மாங்காய் விலையில் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் அது சின்னத் துறை. ஆனால் அன்றைக்கு மாங்கூழுக்கு மட்டுமா வரி குறைந்தது? 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்கும்போது குளோஷர்தான் விடையை எழுதும்.

ஓசூர் நிரலர்

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு உற்பத்தித் தடம் மாதிரி செய்கிறவன். உலகம் வேறு, ஆனால் நோய் ஒன்றே. எண், விதி, சூழல் மூன்றையும் ஒரே கோப்பில் குழப்பி எழுதினால் அடுத்தவருக்கு உதவாது, ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கும் உதவாது.

தரவு ஒரு இடத்தில். துறைகளின் பட்டியல் தனி. நெகிழ்ச்சி எண்கள், அதாவது விலையோ கூலியோ மாறினால் மக்கள் எவ்வளவு மாறுவார்கள் என்று சொல்கிற எண்கள், தனி. சமன்பாடு தனி. குளோஷர் தனி. சோதிக்கப்போகிற கொள்கை, அதாவது எந்த வரியை எவ்வளவு மாற்றுகிறோம் என்பது, தனி. சமன்பாட்டுக் கோப்பில் 'மாங்காய்' என்ற சொல்லே வரக்கூடாது சார். அங்கே வந்துவிட்டால் அன்றைக்கே மாதிரி ஒரு கேள்விக்கு அடிமை. இந்த வகை மாதிரிகளுக்கான மென்பொருள்களான ஜெம்பேக், கேம்ஸ் இரண்டிலும் இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிக்க முடியும். பைத்தானிலும் முடியும், கொஞ்சம் அதிக வேலை.

அப்புறம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் தானாக ஓடுகிற சோதனைகள் வேண்டும். நான் இந்த மாதிரிகளைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒன்று, எந்த அதிர்ச்சியும் (வெளியிலிருந்து கொடுக்கிற மாற்றம்) கொடுக்காமல் ஓட்டினால் அடிப்படை ஆண்டின் எண்கள் அப்படியே திரும்ப வரவேண்டும். இரண்டு, அளவுகோலாக வைத்த ஒரு விலையை 10 சதவீதம் ஏற்றினால் எல்லா விலையும் கூலியும் 10 சதவீதம் ஏறவேண்டும், உற்பத்தி அளவு ஒரு துளியும் அசையக்கூடாது. அசைந்தால் எங்கோ ஒரு மானியமோ வரியோ ரூபாயில் உறைந்து கிடக்கிறது. மூன்று, எல்லாச் சந்தையும் சமனானால் கடைசிச் சந்தை தானே சமனாக வேண்டும் என்பது வால்ராஸ் விதி. அதனால் ஒரு சமன்பாட்டை வெளியே வைத்துவிட்டு, முடிவில் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பணம் எங்கோ ஒழுகுகிறது. சார், நீங்கள் ராகிக்காகத் திருத்தியபோது பழைய விடை மாறியது என்றீர்களே, இந்தச் சோதனைகளை ஓட்டிப் பார்த்தீர்களா?

தகடூர்வாசி

முதல் சோதனை சரி. இரண்டாவதில் தவறியது தம்பி. நீங்கள் சொன்னதேதான்: ரேஷன் மானியத்தைக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று நேரடியாக எழுதியிருந்தேன். பொது விலை ஏறும்போது அது மட்டும் நின்றுவிட்டது. விலைக் குறியீட்டோடு கட்டிவிட்டேன், இப்போது அசையவில்லை.

பென்னாகரத்துப் பெண்

வகுப்பில் ராகி பற்றிக் கேட்ட மாணவி நான்தான். சார் இணைப்பு அனுப்பினார். ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மானாவாரியில் ராகி. 2023-இல் நீலகிரியிலும் நம் தர்மபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்காக இங்கேயே கொள்முதல் செய்தார்கள். 2022-23-இல் குவிண்டாலுக்கு ஆதார விலை 3,578 ரூபாய், 2025-26-க்கு 4,886. மண்டியில் விலை அதற்கு மேலே போனால் அரசுக்கு யாரும் போடமாட்டார்கள். கீழே போனால் எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போவார்கள். இந்த 'போனால், போகாவிட்டால்' மாதிரிக்குத் தெரியுமா?

இரண்டாவது விஷயம். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். ராகி நல்ல விலைக்குப் போகிற வருடம் சிலர் விதைப்புக்குத் திரும்புவார்கள், அறுப்புக்கு இன்னும் கொஞ்சம் பேர். பெங்களூரில் கூலி எகிறினால் நிலம் தரிசாகும். பாடத்தில் உழைப்பு என்றால் ஒரே சந்தை, ஒரே கூலி. அது எங்கள் வீடு இல்லை சார்.

பழைய புள்ளிக்காரர்

நல்ல கேள்விம்மா. முதலில் ஒரு கசப்பான தகவல். எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும், 2007-08-க்கான 130 துறை உள்ளீடு–வெளியீடு அட்டவணையை எடுத்துப் பார். நெல்லுக்கு ஒரு வரிசை, கோதுமைக்கு ஒன்று, சோளத்துக்கும் கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கூடத் தனித்தனி வரிசை. ராகிக்குக் கிடையாது. 'பிற பயிர்கள்' என்ற மூட்டைக்குள் கிடக்கிறது. பன்னாட்டு அளவில் எல்லாரும் பயன்படுத்துகிற ஜிடாப் தரவில், காய், கனி, கொட்டை எல்லாம் ஒரே துறை. பாலக்கோட்டுத் தக்காளியும் போச்சம்பள்ளி மாங்காயும் அங்கே ஒரே பொருள். இந்தத் தரவை அப்படியே வைத்துக்கொண்டு ராகியைப் பற்றி யார் பேசினாலும் அவர் 'பிற பயிர்கள்' பற்றித்தான் பேசுகிறார்.

அதனால் தம்பி, அடிப்படைத் தரவை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடியுமோ அவ்வளவு பிரித்து ஒருமுறை செய்து வைத்துவிடுங்கள். ராகியின் விளைச்சல், விலை, சாகுபடிச் செலவு, குடும்பச் செலவு ஆய்வில் வரும் நுகர்வு ஆகியவற்றை வைத்துப் 'பிற பயிர்கள்' வரிசையை உடைக்கலாம். உடைத்ததும் கூட்டுத்தொகை சரிவராது, சமன்படுத்தும் முறைகள் இருக்கின்றன. அப்புறம் ஒரு தொகுப்பு அட்டவணை மட்டும் போதும்: இந்த ஆய்வுக்கு 20 துறை, அந்த ஆய்வுக்கு 60 என்று எந்தச் சிறு துறை எந்தப் பெரிய துறைக்குள் போகிறது என்பது அதில் இருக்கும். உடைத்ததை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்த்தே வைத்திருந்ததை அவசரத்துக்கு உடைக்க முடியாது.

ஆதார விலைக்கு வழி இருக்கிறது. சந்தை விலை ஆதார விலைக்கு மேலே இருந்தால் கொள்முதல் பூஜ்யம். கொள்முதல் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் சந்தை விலை ஆதார விலையிலேயே நிற்கும். இரண்டில் ஒன்று எப்போதும் இறுக்கமாக இருக்கும். இதை அப்படியே எழுதி, எந்தப் பக்கம் இறுகுகிறது என்பதை மாதிரியே கண்டுபிடிக்க விடலாம். கேம்ஸில் பாத் என்ற தீர்ப்பான், அதாவது சமன்பாடுகளுக்கு விடை காணும் நிரல், இந்த வகைக்கென்றே இருக்கிறது. ஆனால் வாங்கிய ராகி எங்கே போகிறது என்று மறக்காமல் எழுத வேண்டும்: ரேஷனுக்கா, கிடங்குக்கா. ரேஷனுக்குப் போனால் அந்தக் குடும்பம் கடையில் வாங்கும் ராகி குறையும். அரிசி எவ்வளவு மிச்சமாகிறது என்பதும் அதே கணக்கில் வரவேண்டும்.

இடம்பெயர்வுக்கு ஹாரிஸ், டொடாரோ 1970-இல் எழுதியதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதில் ஆள் நகர்வது நகரத்தில் எதிர்பார்க்கிற கூலியைப் பார்த்து. ஆனால் நீ சொல்கிற மாதிரி போய்ப் போய் வருகிறவர்களுக்கு அது போதாது. கிராம உழைப்பு, நகர உழைப்பு என்று இரண்டு வைத்து, கூலி இடைவெளி மாறும்போது எவ்வளவு பேர் நகர்வார்கள் என்பதற்கு ஒரு நெகிழ்ச்சி எண் கொடுக்கலாம். அந்த எண்ணுக்கு உங்கள் ஊரில் நீயே விசாரித்தால் யார் சொல்வதையும்விட நன்றாக இருக்கும்.

ஓசூர் நிரலர்

நெகிழ்ச்சி எண் என்றதும் ஒரு சந்தேகம் ஐயா. கட்டத்திலிருந்து பங்குகள் கிடைத்துவிடும், நெகிழ்ச்சி மட்டும் வெளியிலிருந்து வரும் என்று புரிந்துகொண்டேன். அப்படியென்றால் விடை முழுவதும் அதன் மேல்தானே நிற்கிறது?

பழைய புள்ளிக்காரர்

பெருமளவுக்கு ஆமாம். ஒரு சின்னக் கணக்கு. இறக்குமதிச் சரக்கின் விலை உள்நாட்டுச் சரக்கோடு ஒப்பிட 10 சதவீதம் ஏறுகிறது. மாற்று நெகிழ்ச்சி (விலை மாறினால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு எவ்வளவு மாறுவார்கள் என்ற எண்) 0.5 என்றால் இறக்குமதிக்கும் உள்நாட்டுச் சரக்குக்கும் உள்ள விகிதம் சுமார் 5 சதவீதம் குறையும். 2 என்றால் சுமார் 17 சதவீதம். ஒரே கட்டம், ஒரே சமன்பாடு, ஒரே அதிர்ச்சி. அதனால்தான் அந்தக் கோப்பைத் தனியாக வைக்கச் சொன்னீர்களே, அது ரொம்பச் சரி. எண்ணைப் பாதியாக்கி ஒரு ஓட்டம், இரட்டிப்பாக்கி ஒரு ஓட்டம். விடையின் திசை மாறாவிட்டால் தைரியமாகச் சொல்லலாம். மாறினால் அதையே அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்த மாற்று நெகிழ்ச்சி எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும் உற்பத்திச் சார்பை (சிஇஎஸ் என்பார்கள்) 1961-இல் எழுதிய நால்வரில் ஒருவர் நம் பி.எஸ். மின்ஹாஸ் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இது எங்கிருந்தோ வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம்.

பாலக்கோட்டான்

நான் படித்தது பத்தாவது. தக்காளி போடுகிறேன். ஒன்று கேட்கலாமா? இந்தக் கணக்கெல்லாம் டெல்லிக்கு. கூடை விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. எங்களுக்கு இதில் என்ன?

தகடூர்வாசி

அண்ணா, காலை விலையும் மத்தியான விலையும் இதில் வராது. இது வருடக் கணக்கு. வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் டீசல் வரி, உர மானியம், ஏற்றுமதித் தடை இவற்றை முடிவு செய்கிறவர்கள் மேஜையில் இப்படி ஒரு கணக்கு இருக்கும். 2009-இல் ஜிஎஸ்டியால் நாட்டின் உற்பத்தி 0.9 முதல் 1.7 சதவீதம் வரை கூடும் என்று என்சிஏஇஆர் நிறுவனம் இதே வகை மாதிரியில் கணக்கிட்டது. அது குறைபாடில்லாத ஜிஎஸ்டியை வைத்துப் போட்ட கணக்கு. 2017 ஜூலை 1-இல் வந்ததோ பல அடுக்கு வரி, பெட்ரோலும் டீசலும் வெளியே. எண்ணை எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள், எந்த அனுமானத்தில் வந்தது என்பதைச் சிலர்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க இங்கேயும் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நான் இதில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் தக்காளி வண்டிக்கு எவ்வளவு டீசல் செலவு, கமிஷன் எவ்வளவு என்று சொன்னால் போக்குவரத்து, வணிகக் கழிவு வரிசைகளை நான் சரிபார்க்க முடியும்.

மாங்கூழ்க் கணக்கர்

பாலக்கோட்டு அண்ணன் சொன்ன விஷயம் எங்களுக்கும் உண்டு. மாங்காய் வரத்து இரண்டு, இரண்டரை மாதம். கூழ் டிரம்மில் வருடக் கணக்கில் நிற்கும். போன வருடச் சரக்கு குடோனில் நிறைந்து கிடந்தால், இந்த வருடம் வரி குறைந்தாலும் ஆலை மாங்காய் வாங்க அவசரப்படாது. மரத்தில் பழுத்ததை விவசாயி வைத்திருக்க முடியாது, கேட்ட விலைக்குக் கொடுப்பார். வாங்குகிற ஆலைகள் சில, விற்கிற தோப்புகள் பல்லாயிரம். உங்கள் மாதிரியில் இருப்பு எங்கே?

தகடூர்வாசி

இருப்பு மாற்றம் என்று ஒரு நெடுவரிசை கட்டத்தில் இருக்கிறது அண்ணா. வழக்கமாக அதை நிலையாக வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். நீங்கள் சொன்னபின், கூழுக்கு மட்டும் முந்தைய வருட இருப்பை வெளியிலிருந்து கொடுக்கும் மாறியாக்கி, ஆண்டுக்கு ஆண்டு அடுத்ததற்குக் கடத்தும்படி மாற்றுகிறேன். சில ஆலைகள், பல தோப்புகள் என்பதற்கு ஒரு இலாப வரம்பு மாறியை இடையில் வைக்கப் போகிறேன். பூஜ்யம் என்றால் முழுப் போட்டி. எண் கூடக் கூட, பானம் அதிகம் விற்பதால் வரும் ஆதாயம் தோப்புக்குப் போகாமல் ஆலையில் நிற்கும்.

வரி அட்டவணையைத் திருத்தி நேற்று இரவு ஓட்டினேன். அரசு ஓட்டையை அடைக்கும் மூன்று வழியிலும் மாங்காய் விலை ஏறுகிறது, ஆனால் நான் முதலில் சொன்னதைவிட மிகக் குறைவாக. முழுக்க முழுக்கப் பானத்துக்கான தேவை வழியாக. ஐயா சொன்னபடி, மூன்றுக்கும் இடையே மாங்காயில் வித்தியாசம் இல்லை. கட்டடத் தொழிலில் வித்தியாசம் பெரிதாக வருகிறது: கடன் வழியில் முதலீடு சுருங்கி, கட்டட வேலை குறைகிறது. பென்னாகரத்து ஆட்கள் வேலை செய்வது அங்கேதான் என்பதால் இரவு தூக்கம் வரவில்லை.

பென்னாகரத்துப் பெண்

சார், அப்படியென்றால் மாங்கூழ் கேள்விக்கே எங்கள் ஊர் ஆட்கள் வருகிறார்கள். உழைப்பை இரண்டாகப் பிரித்தபின் மறுபடி ஓட்டுங்கள். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள். நாற்பது வீட்டிலாவது கேட்டு எழுதி வருகிறேன்: போன வருடம் எத்தனை நாள் இங்கே, எத்தனை நாள் பெங்களூரில், இரண்டு இடத்திலும் என்ன கூலி, எவ்வளவு கூலி கிடைத்தால் போகாமல் இருப்பார்கள். வேறு என்ன கேட்க வேண்டும்?

பழைய புள்ளிக்காரர்

ஊருக்குத் திரும்பிய மாதங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளம்மா. விதைப்பா, அறுப்பா, திருவிழாவா என்று பிரிக்க வேண்டும். கேள்வித் தாளை முதலில் நான்கு வீட்டில் சோதித்துவிட்டு இங்கே போடு, பார்த்துத் தருகிறேன்.

மாங்கூழ்க் கணக்கர்

கூழ் இருப்பு எண்கள் என் ஆலையின் பெயரில் கொடுக்க முடியாது சார். ஆனால் ஒரு கிலோ கூழுக்கு எவ்வளவு மாங்காய், எவ்வளவு டீசல், பை, டிரம், கூலி என்று பங்காக எழுதித் தருகிறேன். மாங்காய் எடையில் ஏறக்குறைய பாதிதான் கூழாகும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். 'பழம் பதப்படுத்துதல்' என்று உங்களிடம் இருக்கிற நெடுவரிசையோடு ஒத்துப் பாருங்கள்.